கம்பெனி கேட் வரை பஸ்... மற்ற நேரத்துக்கு சைக்கிள்! மணிமங்கலம் வட்டார பெண்களின் நேரக் கணக்கு

மணிமங்கலம்,

விடிந்தும் விடியாத நேரம். தெரு விளக்கு இன்னும் அணையவில்லை. கையில் டிபன் பாக்ஸ், கழுத்தில் அடையாள அட்டையுடன் மெயின் ரோட்டில் பெண்கள் காத்து நிற்பார்கள். கம்பெனி பஸ் வரும். ஏறியதும் கிளம்பிவிடும். மணிமங்கலம், படப்பை, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் தினமும் பார்க்கிற காட்சி இது.

ஆனால் அந்த பஸ் நிற்கும் இடத்துக்கு வீட்டில் இருந்து எப்படி வருகிறார்கள்? ஷிப்ட் முடிந்து இறங்கிய பிறகு ரேஷன் கடைக்கும், பிள்ளையின் டியூஷனுக்கும், அம்மா வீட்டுக்கும் எதில் போகிறார்கள்? அங்கேதான் சைக்கிள் வருகிறது.

சைக்கிள் என்றால் பள்ளிக்கூட பிள்ளைகள் ஓட்டுவது, வசதி இல்லாதவர்கள் ஓட்டுவது என்றுதான் பலருக்கும் நினைப்பு. இப்போது ஸ்கூட்டி வேறு வந்துவிட்டது. ஆனாலும் ஒரு பெண்ணிடம் சொந்தமாக சைக்கிள் இருந்தால் அவர் வேலை மட்டுமல்ல, வேலை இல்லாத நேரமும் மாறிப் போகிறது. கதையாகச் சொல்லவில்லை. தமிழ்நாட்டிலேயே ஒரு மாவட்டம் முழுக்க இது நடந்திருக்கிறது. அதற்கு முன்னால் நம்ம ஊர்க் கதையைப் பார்த்துவிடலாம்.

என்ன வேலை பார்க்கிறார்கள்?

காஞ்சிபுரம் மாவட்டம் குன்றத்தூர் வட்டத்தில் இருக்கிறது மணிமங்கலம். பல்லவ மன்னன் நரசிம்மவர்மன், சாளுக்கிய புலிகேசியின் படையை விரட்டிய ஊர் என்று சரித்திரத்தில் பெயர் எடுத்தது. பெரிய ஏரி, அதை நம்பி வயல்கள். நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று பெண்களுக்கு வேலை வயலில்தான் இருந்தது.

1990களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தொழிற்சாலை வந்தது. 2006ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 2010ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். இவற்றைச் சுற்றி உதிரி பாகம், ஒயரிங், பேக்கிங் என்று சின்னதும் பெரியதுமாக ஏகப்பட்ட கம்பெனிகள். நோக்கியா ஆலை 2014ல் மூடப்பட்டது. அதில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். மூடிய அன்று அவர்கள் அழுதது பலருக்கும் ஞாபகம் இருக்கும். பின்னர் வேறு செல்போன் கம்பெனிகள் வந்தன.

மத்திய அரசின் 2019-20 தொழிற்சாலை கணக்கெடுப்புப்படி, நாடு முழுக்க தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் 100க்கு 43 பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு!

ஆலைக்குள் போகாதவர்களும் ஏராளம். அங்கன்வாடி ஊழியர், கிராம செவிலியர், சத்துணவு சமையலர், கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவர், புதிதாக முளைத்த அடுக்குமாடி வீடுகளுக்கு வேலைக்குப் போகிறவர், பூ கட்டி விற்பவர், பால் ஊற்றுபவர். இவர்களுக்கு எந்தக் கம்பெனியும் பஸ் விடுவதில்லை. ஒன்று நடக்கணும், இல்லாவிட்டால் சைக்கிள் மிதிக்கணும்.

கம்பெனி பஸ் எப்படி வந்தது?

இது பலருக்கும் தெரியாத விஷயம். 1948ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டப்படி, மாலை 7 மணியில் இருந்து காலை 6 மணி வரை பெண்களை ஆலையில் வேலைக்கு வைக்கக்கூடாது. பெண்களுக்குப் பாதுகாப்பு என்று சொல்லித்தான் இந்தத் தடை. ஆனால் ராத்திரி ஷிப்ட் இல்லை என்றால் வேலையே இல்லை என்று சொல்கிற இடங்களில் இதுவே பெண்களுக்கு எதிரியாகிவிட்டது.

2000ம் ஆண்டு டிசம்பரில் சென்னை ஐகோர்ட்டு இந்தத் தடையை ரத்து செய்தது. ஆணுக்கு ஒரு சட்டம், பெண்ணுக்கு ஒரு சட்டம் என்பது செல்லாது என்றது. அதே சமயம் நிபந்தனைகளும் போட்டது. ராத்திரி வேலைக்கு வரும் பெண்களுக்குப் பாதுகாப்பு தரணும், வந்து போக வாகன வசதி தரணும் என்பது அதில் முக்கியம். செல்போன் கம்பெனிகள் மூன்று ஷிப்டிலும் பெண்களை வைத்து ஓட்ட முடிந்ததற்கு இந்தத் தீர்ப்பு வழி திறந்துவிட்டது. கம்பெனி பஸ் யாரோ இரக்கப்பட்டு விட்டது அல்ல.

பஸ் நல்ல விஷயம்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது கம்பெனியின் நேரத்துக்கு ஓடும் பஸ். ஐந்து நிமிடம் தாமதம் என்றால் நிற்காது. ரேஷன் கடை வாசலில் நிற்காது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தால் பாதியில் திரும்பாது. கிராமத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு தெருவுக்கும் வரவும் வராது. மெயின் ரோட்டோடு சரி.

ஒரு சின்ன கணக்கு

வீட்டில் இருந்து பஸ் நிற்கும் இடம் 2 கிலோ மீட்டர் என்று வைத்துக் கொள்ளுங்கள். வேகமாக நடந்தாலே 25 நிமிடம் ஆகும். சைக்கிளில் 10 நிமிடம். போக 15, வர 15 என்று தினமும் அரை மணி நேரம் மிச்சம். மாதம் 26 நாள் வேலை என்றால் 13 மணி நேரம். கிட்டத்தட்ட ஒன்றரை ஷிப்ட்! இதில் சாயங்காலம் கடைக்குப் போவது, மாவு அரைக்கப் போவது எல்லாம் சேர்க்கவில்லை.

இந்த நேரம் ஏன் பெரிய விஷயம்? மத்திய அரசு 2024ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளைக்கு அதற்கு மட்டும் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் 88 நிமிடம். அதாவது சம்பளம் இல்லாத இன்னொரு அரை ஷிப்ட் பெண்கள் தலையில் இருக்கிறது. 8 மணி நேரம் லைனில் நின்றுவிட்டு, வந்து 4, 5 மணி நேரம் வீட்டில் நிற்கணும். நடுவில் மிச்சமாகும் அரை மணி நேரம் தங்கம் மாதிரி.

புதுக்கோட்டையில் என்ன நடந்தது?

1991. புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் தொண்டர்கள் 'அ, ஆ' சொல்லிக் கொடுத்த காலம். மாவட்ட கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண் ஐ.ஏ.எஸ். அதிகாரி.

ஒரு சிக்கல் வந்தது. தொண்டர்களில் பாதிக்குப் பாதி பெண்கள். ஊர் ஊராகப் போய்ப் பாடம் நடத்தணும். ராத்திரி பஸ் கிடையாது. அண்ணனோ, புருஷனோ கொண்டு போய் விட்டால்தான் உண்டு. அவர்களுக்கு எழுத்து சொல்லிக் கொடுப்பதோடு சைக்கிளும் சொல்லிக் கொடுத்தால் என்ன என்று கலெக்டர் யோசித்தார். எழுத்தறிவுப் பாடத்திட்டத்தோடு சைக்கிள் பயிற்சியும் சேர்ந்தது. சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார்கள்.

அந்தக் காலத்தில் கிராமத்தில் பெண் சைக்கிள் ஓட்டுவது என்றால் சும்மா இல்லை. "பொம்பளை சைக்கிள் ஓட்டினா ஊர் உருப்படுமா?" என்ற பேச்சு, கிண்டல், விசில் எல்லாம் இருந்தது. வாயில் வரக்கூடாத வார்த்தைகளையும் சொன்னார்கள். ஆனால் கூட்டம் கூட்டமாகப் பெண்கள் மைதானத்தில் இறங்கியபோது கிண்டல் செய்தவர்களுக்கு அலுத்துப் போனது. எத்தனை பேரைத்தான் கிண்டல் பண்ணுவது?

ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு நல்ல புடவை கட்டிக்கொண்டு திருவிழாவுக்கு வருவது போல வந்தார்கள். ஒருவர் ஹேண்டில் பாரைப் பிடிக்க, இன்னொருவர் கேரியரைப் பிடிக்க, நடுவில் ஒருவர் உட்கார்ந்து தள்ளாடுவார். விழுவார்கள், சிரிப்பார்கள், எழுந்து மறுபடியும் ஏறுவார்கள். நேற்று கற்றுக்கொண்டவர் இன்று சொல்லிக் கொடுக்க வந்துவிடுவார். அறிவொளி தொண்டர் முத்துபாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு ஊரெங்கும் கேட்டது. இயக்கத்தின் ஒருங்கிணைப்பாளர்களில் ஒருவரான கண்ணம்மாள் இந்த சைக்கிள் பயிற்சியின் முன்னோடிகளில் ஒருவர்.

1992 மகளிர் தினத்தன்று புதுக்கோட்டை நகரமே திகைத்துப் போனது. ஹேண்டில் பாரில் கொடி கட்டி, பெல் அடித்துக்கொண்டு 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஊர்வலம் வந்தார்கள். அந்த இயக்கத்தில் மொத்தம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். 10 வயதுக்குக் குறைந்த சிறுமிகளை விட்டுவிட்டால், அந்த மாவட்டத்து கிராமப் பெண்களில் நாலில் ஒருவர்! 1996ல் வந்த அவருடைய புத்தகத்தில் இருக்கும் இந்தக் கட்டுரை, பள்ளிப் பாடப்புத்தகத்திலும் இடம்பிடித்தது. புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் ஓட்டிய கதையை வடநாட்டுப் பிள்ளைகள் இந்தியில் படித்தார்கள்.

குழந்தை பாரில், கீரை கேரியரில்

சரி, ஓட்டக் கற்றுக்கொண்டு என்ன செய்தார்கள்?

முதலில் யார் யார் ஓட்டினார்கள் என்று பார்க்கணும். விவசாயக் கூலிகள், கல் குவாரியில் கல் உடைத்தவர்கள், கிராம செவிலியர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், பள்ளி ஆசிரியைகள், கிராம சேவகிகள், மதிய உணவுப் பணியாளர்கள். பணக்கார வீட்டுப் பெண்கள் பொழுதுபோக்காக ஓட்டியது அல்ல இது.

காய்கறி, கீரை, தின்பண்டம் விற்றவர்களுக்குத்தான் லாபம் உடனே தெரிந்தது. முன்பு பஸ்சுக்குக் காத்திருப்பார்கள். அந்த பஸ் ஸ்டாப்புக்குப் போகவே வீட்டு ஆண் துணை வேண்டும். ஒன்றிரண்டு ஊரோடு வியாபாரம் முடிந்துவிடும். பிள்ளைக்குச் சோறு, குடத்தில் தண்ணீர் என்று பொழுதோடு ஓடி வரணும். சைக்கிள் வந்த பிறகு அதே பெண் நாலு ஊர் சுற்றி விற்றுவிட்டு, நேரத்தோடு வீட்டுக்கும் வந்தார். முன்னால் பாரில் குழந்தை, பின்னால் கேரியரில் சரக்கு, பக்கவாட்டில் தொங்கும் தண்ணீர்க் குடம். இத்தனையும் வைத்து ஓட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இங்கே ஒரு வேடிக்கை. புதுக்கோட்டையில் ஒரு கடையில் லேடீஸ் சைக்கிள் விற்பனை ஒரே ஆண்டில் 350 சதவீதத்துக்கு மேல் எகிறியது. ஆனால் அது பாதிக் கணக்குதான். லேடீஸ் சைக்கிள் வரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாத பல பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கிவிட்டார்கள். சிலர் வேண்டுமென்றே ஜென்ட்ஸ் சைக்கிள்தான் வேண்டும் என்றார்கள். காரணம்? நடுவில் பார் இருக்கிறதே, அதில் பிள்ளையை உட்கார வைக்கலாம்!

கல் உடைக்கும் பெண்கள் கதை தனி. அதுவரை கான்டிராக்டருக்கு அடிமை மாதிரி வேலை செய்தவர்கள், அரசு உதவியோடு குழுவாகச் சேர்ந்து குவாரியைத் தாங்களே குத்தகைக்கு எடுத்தார்கள். ஊரை விட்டு ஒதுங்கி இருக்கும் குவாரிக்குப் போய் வர சைக்கிள் கைகொடுத்தது. குவாரித் தொழிலாளிகளே சக தொழிலாளிகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

வேலைக்குப் போக வர மட்டும்தானா? அதுதான் இல்லை. பஸ்சுக்குக் காத்திருந்த நேரம் கைக்கு வந்தது. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு யாரையும் கெஞ்சாமல் போகலாம். கூட்டத்துக்குப் போகலாம், வங்கிக்குப் போகலாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம். ஒன்றுமே இல்லாவிட்டாலும் சாயங்காலம் தோழியை டபுள்ஸ் வைத்து ஒரு ரவுண்டு வரலாம். அந்த ரவுண்டில் பைசா லாபம் கிடையாது. ஆனால் சாய்நாத்திடம் பேசிய பெண்கள் காசைவிட இதைத்தான் பெரிதாகச் சொன்னார்கள். யாரையும் எதிர்பார்க்காமல் இருப்பதை.

கையில் சைக்கிள் வந்ததும் ஆசை அதோடு நிற்கவில்லை. 1992ல் யுனிசெப் அமைப்பு அறிவொளி பெண் தொண்டர்களுக்கு 50 மொபெட்டுகள் கொடுத்தது.

யாழ்ப்பாணத்தில் வேறு கதை

புதுக்கோட்டையில் இயக்கம் நடந்த அதே 1990களில், கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் வேறு காரணத்தால் எல்லோரும் சைக்கிள் மிதித்தார்கள். போர். வடக்குக்கு பெட்ரோல் போகாமல் இலங்கை அரசு பொருளாதாரத் தடை போட்டிருந்தது. டீச்சர், நர்ஸ், டியூஷனுக்குப் போகும் பிள்ளைகள் என்று எல்லோருக்கும் சைக்கிள்தான் வண்டி. மூட்டை, விறகு, நோயாளி எல்லாம் சைக்கிளில்தான் போனது. அங்கே பெண் சைக்கிள் ஓட்டுவதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரே மொழி பேசும் இரண்டு இடங்கள், ஒரு இடத்தில் கிண்டல், இன்னொரு இடத்தில் சர்வ சாதாரணம்!

இலவச சைக்கிள் எங்கே போனது?

தமிழ்நாட்டில் இப்போது சைக்கிள் ஓட்டத் தெரிந்த இளம்பெண்கள் நிறைய. அதற்குக் காரணம் அரசு கொடுத்த இலவச சைக்கிள். 2001-02ல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு என்று தொடங்கியது. 2005-06ல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ்-1 படிக்கும் எல்லா மாணவ, மாணவிகளுக்கும் விரிந்தது. இன்று கம்பெனி லைனில் நிற்கும் பெண்களில் பலர் அந்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்கள்தான்.

பீகாரில் 2006ல் 9ம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். அதை கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவிகள் எண்ணிக்கை 32 சதவீதம் கூடியது. ஆண், பெண் வித்தியாசம் 40 சதவீதம் குறைந்தது. பள்ளிக்கூடம் 3 கி.மீ.க்கு மேல் தள்ளி இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம். பள்ளி என்பதை எடுத்துவிட்டு பஸ் ஸ்டாப் என்று போட்டுப் பாருங்கள். கதை மணிமங்கலத்துக்கும் பொருந்தும்.

ஆனால் பள்ளி முடிந்ததும் அந்த சைக்கிள் என்ன ஆகிறது என்பது எல்லா வீட்டுக்கும் தெரிந்த ரகசியம். தம்பி எடுத்துக் கொள்வான். அப்பா வயலுக்கு ஓட்டிப் போவார். இல்லாவிட்டால் மாட்டுக் கொட்டகை ஓரத்தில் துருப்பிடித்து நிற்கும். கல்யாணமாகிப் போகும் பெண்ணோடு பீரோ, கட்டில் எல்லாம் லாரியில் ஏறும், சைக்கிள் மட்டும் ஏறாது. 'மருமகள் சைக்கிள் மிதிப்பதா' என்ற கவுரவப் பிரச்சினை. ஓட்டத் தெரியும், ஆனால் ஓட்டுவதில்லை என்கிற பெண்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

நாலு காசு சேர்ந்தால் ஸ்கூட்டி வாங்கலாம் என்ற எண்ணம் நியாயமானதுதான். வேலைக்குப் போகும் பெண்கள் ஸ்கூட்டர் வாங்க ரூ.25 ஆயிரம் வரை மானியம் தரும் அம்மா இருசக்கர வாகனத் திட்டம் 2018 பிப்ரவரியில் தொடங்கியது. பின்னர் அது நிறுத்தப்பட்டது. 2021 மே மாதம் சாதாரண கட்டண நகர பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. பஸ் கட்டணம் மிச்சம்தான். ஆனால் வீட்டில் இருந்து ஸ்டாப் வரைக்கும் உள்ள தூரம் அப்படியேதான் இருக்கிறது.

ஹாஸ்டல் பெண்களுக்கு?

வெளி மாவட்டங்களில் இருந்து வந்து ஹாஸ்டலிலும் வாடகை அறையிலும் தங்கி வேலை பார்க்கும் பெண்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய பெரிய விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 18,720 பெண்கள் தங்கலாம். ஒரு சின்ன டவுனே ஒரே வளாகத்துக்குள் இருப்பது போல!

விடுதியில் இருந்து பஸ், பஸ்சில் இருந்து லைன், லைனில் இருந்து மறுபடி விடுதி. வார லீவு நாளில்தான் வெளி உலகம். ஒரு கடைவீதிக்கோ, கோவிலுக்கோ போகணும் என்றால் ஷேர் ஆட்டோவைத் தேடணும். இத்தனை ஆயிரம் பேரில் பெரும்பாலோருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும், ஆனால் சைக்கிள் அம்மா வீட்டில் நிற்கிறது. விடுதி வாசலில் நாலு வாடகை சைக்கிள் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். மணிக்கு இவ்வளவு என்று வாடகை சைக்கிள் எடுத்து குரங்குப் பெடல் போட்டு ஓட்டிய காலம் நம்ம ஊருக்குப் புதுசா என்ன?

லாரிக்கு நடுவே

பயம் வேறு இடத்தில் இருக்கிறது. அது ரோட்டில் இருக்கிறது.

வண்டலூர்-வாலாஜாபாத் சாலை ஒரகடம் பக்கம் ஆறு வழிச்சாலை. கார்களை அடுக்கி ஏற்றிக்கொண்டு போகும் நீள டிரெய்லர், கன்டெய்னர் லாரி, கம்பெனி பஸ், தண்ணீர் லாரி என்று இடைவெளி இல்லாமல் ஓடும். டிரெய்லர் திரும்பும்போது அதன் பின்பக்கம் உள்ளே ஒடித்து வரும். அந்தப் பக்கம் சைக்கிள் நின்றால் டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே லாரிக்கு இடது பக்கத்தில் ஒட்டி நிற்கவே கூடாது. பின்னால் தள்ளி நிற்பதுதான் உத்தமம். ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் பின்பக்க மட்கார்டில் சிவப்பு ரிப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்வது நல்லது. விலை மிகக் குறைவு.

இதோடு ஒரு முக்கியமான விஷயம். தொழிலாளர் குடும்பங்களில் நிறைய பேருக்கு இது தெரியாது. வேலைக்குப் போகும் வழியிலோ, வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலோ விபத்து நடந்தால், அதையும் வேலையில் ஏற்பட்ட காயமாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று 2010ல் இ.எஸ்.ஐ. சட்டம் திருத்தப்பட்டது. விபத்து நடந்த நேரம், இடம், சூழ்நிலை வேலையோடு சம்பந்தப்பட்டதாக இருக்கணும். கம்பெனி பஸ்சில் போனாலும் சரி, பஸ் ஸ்டாப்புக்கு சைக்கிளில் போனாலும் சரி. வேலைக்குச் சேர்ந்து இத்தனை மாதம் ஆகியிருக்கணும் என்ற கட்டுப்பாடும் இதற்குக் கிடையாது. காயம் ஆறி வேலைக்குத் திரும்பும் வரை சராசரி சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும்.

ஆனால் சும்மா கிடைக்காது. விபத்து நடந்தவுடன் கம்பெனிக்குத் தகவல் சொல்லணும். போலீசில் புகார் கொடுத்து எப்.ஐ.ஆர். நகல் வாங்கணும். இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டி சீட்டு வாங்கணும். 'லேசான அடிதானே' என்று விட்டுவிட்டு பத்து நாள் கழித்துப் போனால் நிரூபிப்பது கஷ்டம். கான்டிராக்ட் தொழிலாளியாக இருந்தாலும் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தால் உரிமை உண்டு. சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. நம்பர் இருக்கிறதா என்று இன்றே பார்த்து வைத்துக் கொள்ளுங்கள்.

இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி எது என்றே தெரியவில்லை என்றால்? அதற்கும் வழி இருக்கிறது. அடையாளம் தெரியாத வாகனம் மோதி இறந்தால் குடும்பத்துக்கு ரூ.2 லட்சம், படுகாயம் என்றால் ரூ.50 ஆயிரம் என்று 2022 ஏப்ரல் முதல் மத்திய அரசு நஷ்டஈட்டை உயர்த்தியது. வண்டி நம்பர் தெரிந்தால் விபத்து கோர்ட்டில் வழக்குப் போடலாம். சைக்கிளுக்கு லைசென்சும் இல்லை, இன்சூரன்சும் இல்லை, அதனால் நமக்கு ஒன்றும் கிடைக்காது என்று நினைத்துவிடக் கூடாது. பணம் தருவது மோதிய லாரியின் இன்சூரன்ஸ்.

30 வயதில் கற்றுக்கொள்ளலாமா?

பள்ளியில் சைக்கிள் கிடைக்காத தலைமுறைப் பெண்களும் இருக்கிறார்களே, இனிமேல் கற்றுக்கொள்ள முடியுமா? புதுக்கோட்டையில் கற்றுக்கொண்டவர்களில் பிள்ளை பெற்றவர்கள் ஏராளம். அதனால் வயது ஒரு பிரச்சினை இல்லை. இடமும் நேரமும்தான் பிரச்சினை.

ஏரிக்கரையோ, பள்ளி மைதானமோ, இன்னும் வீடு கட்டாத மனைப்பிரிவு ரோடோ போதும். நாலு பேர் சேர்ந்து போனால் வெட்கம் தெரியாது. முதல் நாள் பெடலையே மறந்துவிடணும். சீட்டை நன்றாக இறக்கி, இரண்டு காலும் தரையில் முழுசாகப் படும்படி வைத்து, காலால் உந்தி உந்தி உருட்டிப் பழகணும். பேலன்ஸ் வந்த பிறகுதான் பெடல். பிரேக் பிடித்து நிறுத்தப் பழகாமல் ரோட்டுக்கு வரக்கூடாது. முன்பிரேக்கை மட்டும் திடீரென்று பிடித்தால் தலைகுப்புற விழ வேண்டியதுதான்.

புடவை கட்டி ஓட்டுபவர்கள் செயின் கவர் முழுசாக மூடியிருக்கிறதா, பின் சக்கரத்துக்கு வலை இருக்கிறதா என்று பார்த்து வாங்கணும். முந்தானையையும் துப்பட்டாவையும் இடுப்பில் இறுக்கிச் சொருகணும், சக்கரத்தில் சுற்றினால் கழுத்துக்கே ஆபத்து. புது சைக்கிள்தான் வேண்டும் என்றில்லை. அம்மா வீட்டுக் கொட்டகையில் நிற்கும் பள்ளிக்கூடத்து சைக்கிளுக்கு இரண்டு டயர், டியூப், ஒரு பிரேக் கட்டை மாற்றி எண்ணெய் விட்டால் ஓடும்.